வேரோடி ஏன் பிழைக்கவில்லை: கற்பனை வன உயிரியின் வாழ்க்கைச் சுழற்சிக்குப் பழுது பார்க்கும் வழிமுறை

பாதிச் செடி, பாதி விலங்கு. காட்டுக்குள் நடக்கிறது, முளைக்கிறது, பூக்கிறது. கதைக்கோ படக்கதைக்கோ கணினி விளையாட்டுக்கோ இப்படி ஓர் உயிரியை உருவாக்க ஆசைப்படாதவர்கள் குறைவு. முதல் ஓவியம் போடும்போது எல்லாம் பிரமாதமாக இருக்கும். விதையிலிருந்து மறு விதை வரை அதன் வாழ்க்கையை எழுத உட்காரும்போதுதான் ஆணி ஒவ்வொன்றாகக் கழலும்.

என்னுடைய உயிரிக்கு வேரோடி என்று பெயர் வைத்தேன். வேர் ஓடும், வேரோடு ஓடும், இரண்டுக்கும் பொருந்தட்டும் என்று. முதல் வடிவம் பட்டினி கிடந்து செத்தது. இரண்டாவது பெருகிப் பெருகிக் காட்டையே விழுங்கியது. மூன்றாவது சாகவே மாட்டேன் என்றது. நான்காவது இப்போது ஓரளவு காலூன்றி நிற்கிறது. அந்த மூன்றையும் பழுது பார்த்தபோது தெரிந்துகொண்டதைத்தான் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை.

முதலில் இதைச் செய்துவிடுங்கள்

ஒரு தாளில் வட்டம் போட்டு, உங்கள் உயிரியின் பருவங்களை அதன் மேல் எழுதுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் நான்கு கேள்விகள்: எதைத் தின்கிறது? தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எப்படி இடம் மாறுகிறது? எதனால் சாகிறது? பெரும்பாலும் இதற்கெல்லாம் பதில் இருக்கும். அடுத்து, ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் அம்புக்குறியில் விரலை வைத்து அதே நான்கையும் கேளுங்கள். அங்கேதான் விழிப்போம். என் அனுபவத்தில் பழுது பருவத்துக்குள் இருந்ததே இல்லை, அம்புக்குறியில்தான் இருந்தது.

இது பழைய வியாதி. மத்திய ஆசியாவில் ஒரு செடியில் ஆட்டுக்குட்டி காய்க்கிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் நம்பினார்கள். தண்டின் நுனியில் ஆடு, தண்டுதான் கயிறு. கயிறு எட்டும் தூரத்தில் உள்ள புல்லை மேயும். புல் தீர்ந்ததும் ஆடும் சாகும், செடியும் சாகும். பருத்தியைப் பற்றிய கேள்விப்பேச்சு திரிந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பார்கள். எப்படியோ, அம்புக்குறிச் சோதனையில் முதல் நிமிடமே இது விழுந்துவிடும். அந்த ஆட்டின் விதை அடுத்த புல்வெளிக்குப் போவது எப்படி? கதை சொன்னவர்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. இன்னொரு கதையில் வாத்து மரத்தில் காய்த்தது. அந்த வாத்து முட்டையிடுவது ஆர்க்டிக் பகுதியில். ஐரோப்பாவில் யாரும் கூட்டையும் பார்த்ததில்லை, குஞ்சையும் பார்த்ததில்லை. தெரியாத அம்புக்குறியை ஒரு மரத்தை வைத்து அடைத்துவிட்டார்கள்.

அறிகுறி: வெயிலைக் குடித்தே வாழ்கிறது, ஆனாலும் மான் போல ஓடுகிறது

எல்லோருக்கும் முதலில் வரும் பழுது இதுதான். தோலில் பச்சையம் இருக்கிறது, அதனால் சாப்பாடு வேண்டாம் என்று எழுதிவிடுவோம். கணக்குப் போட்டால் உதைக்கும்.

மனித அளவு உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா படுத்திருந்தாலே அது ஏறத்தாழ 80 வாட் செலவழிக்கும். தோலின் பரப்பு 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு நேரத்தில் வெயிலைப் பார்ப்பது அதில் பாதி. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் விழுகிறது. இரவையும் சாய்வெயிலையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 200 முதல் 250 வரைதான் தேறும். ஒளிச்சேர்க்கை அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கை மாவுச்சத்தாக மாற்றினாலே நல்ல செடி என்று சொல்ல வேண்டும். ஆக, வரவு 4 வாட் போல. செலவு 80.

அதுவும் திறந்தவெளியில். நம் உயிரி இருப்பது காட்டில். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு, மேலே விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வந்து சேரும். அப்போது வரவு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என் முதல் வேரோடி செத்தது இந்தக் கணக்கில்தான். நான் அதை நிழலடைந்த காட்டுக்குள் அழகாக உலவ விட்டிருந்தேன்.

குளிர் ரத்தப் பிராணி ஆக்கிவிட்டால்? அதே எடையுள்ள பாலூட்டியின் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். அப்போதும் 8 வாட் வேண்டும். இலையைப் பெரிதாக்கினால்? 80 வாட்டுக்கு 20 சதுர மீட்டர் இலை, அதுவும் வெட்டவெளியில். ஒரு அறை அகலத்துக்குக் குடை விரித்துக்கொண்டு மரங்களுக்கிடையே ஓடுவதை வரைந்து பாருங்கள். நான் வரைந்தேன். சிரிப்புத்தான் வந்தது.

சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது. எளியது, வெயிலைத் துணைச் சாப்பாடாக வைத்துக்கொள்வது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இலை போலவே தட்டையான, ஓடில்லாத கடல் நத்தை ஒன்று உண்டு, எலீசியா குளோரோட்டிகா. பாசியைத் தின்று, அதன் பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் தன் உடம்புக்குள் வைத்துக்கொள்ளும். பல மாதம் தீனியில்லாமல் தாக்குப்பிடிக்கும். அதில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது ஓடுவதில்லை, ஊர்கிறது.

இரண்டாவது, அடுத்தவன் சாப்பாட்டில் கை வைப்பது. அம்மையார் கூந்தல் கொடி முளைத்ததும் பக்கத்தில் இருக்கும் செடியின் வாசனையை நோக்கி வளர்ந்து, சுற்றிக்கொண்டு உறிஞ்சும். தக்காளிச் செடியின் வாசனையை வைத்து இதை 2006-ல் காட்டினார்கள். இலையும் இல்லை, மண்ணில் வேரும் இல்லை, கவலையும் இல்லை.

நான் எடுத்துக்கொண்டது மூன்றாவது வழி. நடக்கும் பருவத்தில் வெயில் கிடையாது, வெயில் குடிக்கும் பருவத்தில் நடை கிடையாது. நடைக்குத் தாய் கட்டிக்கொடுத்த சோறு. ஒரு கிலோ எடையுள்ள குளிர் ரத்தக் குட்டிக்கு ஓய்வில் ஒரு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். 200 கிராம் மாவுச்சத்தில் சுமார் 34 லட்சம் ஜூல் இருக்கிறது. சும்மா கிடந்தால் நூறு நாளுக்கு மேல் ஓடும். நடந்து திரிந்தால் பாதி என்று வையுங்கள். பத்து நாளைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, வேரோடிக் குட்டிக்கு நாற்பது நாள் கொடுத்தேன். அந்த நாற்பது நாளுக்குள், விழுந்த மரம் ஒன்று மேலே திறந்துவிட்ட வெளிச்சப் பொத்தலைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கதை முடிந்தது. பட்டினியைச் சரிசெய்யப் போய்க் கதைக்கே ஒரு கெடு கிடைத்துவிட்டது. அதற்கு நான் கணக்குக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அறிகுறி: குட்டி, தாயின் சின்ன நகலாக இருக்கிறது

ஓவியத்தில் சிறிய மரம், நடு மரம், பெரிய மரம் என்று மூன்றையும் வரிசையாக நிறுத்தியிருப்பீர்கள். கண் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். இது வாழ்க்கைச் சுழற்சி ஆகாது, உயரப் பட்டியல்.

இதற்கு மருந்து பெரணியிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஈரமும் நிழலுமாக உள்ள பழைய செங்கல் சுவரை ஒரு உருப்பெருக்குக் கண்ணாடியோடு பாருங்கள். பாசி என்று நினைத்துக் கடந்துபோகும் பச்சைப் படலத்தில், விரல் நகத்தில் பாதிகூட இல்லாத சின்னச் சின்ன இதய வடிவங்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியவை. அப்படி ஒன்றை முதன்முதலாகப் பார்த்தபோது ஏதோ பூச்சி முட்டை உடைந்து கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த இன்னொன்றின் பிளவிலிருந்து, கம்பளி நூல் சுருண்ட மாதிரி ஒரு குட்டிப் பெரணி இலை எழுந்து நின்றது. அப்போதுதான் பொறி தட்டியது.

அந்த இதயத்துக்குப் புரோதாலஸ் என்று பெயர். அதுவும் பெரணிதான். நாம் பெரணி என்று அழைக்கும் செடி ஸ்போர் என்னும் தூள் போன்ற வித்துகளைத் தூவுகிறது. ஸ்போர் முளைத்தால் பெரணி வருவதில்லை, இந்த இதயம் வருகிறது. ஆண் பெண் விவகாரம் எல்லாம் இதில்தான். ஆண் அணு, மழைநீரின் மெல்லிய படலத்தில் நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேரும். அதிலிருந்துதான் அடுத்த பெரணி. பாடப்புத்தகத்தில் சந்ததி மாற்றம் என்று படித்திருப்போம். 1851-ல் வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர் இதைத் தெளிவாக விளக்கும்வரை இரண்டும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்பது பிடிபடவில்லை.

விலங்குப் பக்கத்தில் கேட்டால் அசிடியன் என்ற கடல் உயிரியைக் காட்டுவேன். குட்டி, தலைப்பிரட்டை போல வாலை ஆட்டி நீந்தும்; அதற்கு வெளிச்சம் தெரியும், மேல் கீழ் தெரியும். நல்ல பாறை ஒன்று கிடைத்ததும் தலையால் ஒட்டிக்கொள்ளும். வாலை உள்ளிழுத்துக்கொள்ளும். நீந்துவதற்கு உதவிய மூளையின் பெரும்பகுதியையும் கரைத்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டித் தின்னும் ஒரு பை, அவ்வளவுதான்.

வேரோடிக்கு இதை அப்படியே வைத்தேன். நடைக்குட்டிக்கு நான்கு கால், வெளிச்சம் அறியும் இரண்டு புள்ளிகள், வெளிறிய உடம்பு, ஓர் இலைகூட இல்லை. ஊன்றிய பிறகு கால் இருந்த அடையாளம் அடிமரத்தில் நான்கு புடைப்பு மட்டுமே.

ஓர் எச்சரிக்கை. உருமாற்றம் என்ற பெயரில் இரண்டு தனி உயிரிகளை ஒன்றாக ஒட்டிவிடாதீர்கள். இமயமலையில் யார்சா கும்பா என்றொரு பொருள் கிடைக்கிறது. பெயருக்கு அர்த்தமே ‘கோடையில் புல், குளிரில் புழு’ என்பதுதான். புழுவின் தலையிலிருந்து புல் முளைத்த மாதிரிதான் இருக்கும். உண்மையில் அது அந்துப்பூச்சியின் புழு; அதைக் கொன்று மேலே எழுந்திருப்பது பூஞ்சை. ஒன்று மற்றொன்றாக மாறவில்லை, ஒன்று மற்றொன்றைத் தின்றிருக்கிறது. உங்கள் கதைக்கு இந்தத் திருப்பம் வேண்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் தெரிந்து வையுங்கள்.

அறிகுறி: வேர் விட்ட பிறகும் எழுந்து நடக்கிறது

ஒரு நாற்றைப் பிடுங்கி மறுபடி நட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பதில் தெரியும். மாலையில் நட்டால் மறுநாள் பத்து மணிக்கு இலையெல்லாம் தொங்கிவிடும். தடித்த வேர் கையோடு வந்துவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சும் வேர்த்தூவிகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடுகின்றன. தினமும் காலையில் வேரைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பும் உயிரி, தினமும் பத்து மணிக்கு வாட வேண்டும். மத்திய அமெரிக்கக் காடுகளில் ‘நடக்கும் பனை’ என்று ஒன்றைக் காட்டி, வெளிச்சத்தை நோக்கி இடம் பெயர்கிறது என்பார்கள். கட்டைக் கால் போன்ற அதன் வேர்களை ஆராய்ந்தவர்கள் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நடந்தே தீர வேண்டும் என்றால் இரண்டு வகை வேர் கொடுங்கள்: ஊன்றுவதற்கு ஒன்று, உறிஞ்சுவதற்கு ஒன்று. உறிஞ்சும் வேரைப் பல்லி வால் போல விட்டுவிட்டுப் போகட்டும். புதிதாக வளர்க்கும் செலவைக் கணக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

உடம்பு எங்கே கெட்டிப்படுகிறது என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுவது நல்லது. தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் பிரிக்கும் இடம் எனக்கு மிகவும் உதவியது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். புறக்காழ், அகக்காழ். அந்தக் கணக்கில் மூங்கிலும் பனையும் புல் பக்கம். வெளியே கெட்டியானால் பூச்சி, நண்டு மாதிரி: மூட்டு வைக்கலாம், நடக்க வைக்கலாம், ஆனால் பருமனாக்குவது கஷ்டம். உள்ளே கெட்டியானால் ஆண்டுக்கு ஒரு வளையம் சேர்த்துப் பெருத்துக்கொண்டே போகலாம், ஆனால் மடங்காது. வேரோடி புறக்காழாகப் பிறந்து, ஊன்றியதும் ஓட்டைப் பிளந்து அகக்காழாகிறது. நடை ஏன் நின்றது என்பதற்குத் தனியாக ஒரு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அறிகுறி: மூன்றே தலைமுறையில் காடு முழுக்க அதுவே நிற்கிறது

என் இரண்டாவது வடிவம். ஊன்றிய வேரோடி ஒன்று, ஆண்டுக்கு 300 நெற்று, நெற்றுக்கு ஒரு குட்டி, அறுபது ஆண்டு ஆயுள். மொத்தம் 18,000 நெற்று. நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் போதும் என்று பெருந்தன்மையாக எழுதிவைத்தேன். ஒன்றுக்கு 180 ஆயிற்று. அடுத்த தலைமுறையில் 32,400. அதற்கடுத்து 58 லட்சம். காட்டில் வேறு மரத்துக்கு இடமே இல்லை.

காடு ஒரு நிலையில் நிற்க வேண்டுமென்றால் 18,000-ல் ஒன்றுதான் மரமாக வேண்டும். மீதி 17,999 எப்படிச் சாகின்றன என்பதுதான் உங்கள் காட்டின் உண்மையான வரலாறு. முதலில் எனக்கு இது கொடூரமாகப் பட்டது. அப்புறம் பழகிவிட்டது. நெற்றிலேயே துளைக்கும் வண்டு, ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சணம், குட்டியைத் தூக்கும் ஆந்தை, நாற்பதாம் நாள் வரை பொத்தல் கிடைக்காத துரதிர்ஷ்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு எழுதினேன். இவற்றில் கடைசிதான் மிகப் பெரிய பங்கு.

இதோடு ஒட்டிய பழுது இன்னொன்று: நெற்றெல்லாம் தாயின் காலடியிலேயே விழுவது. சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சன் 1970-லும் ஜோசப் கானல் 1971-லும் தனித்தனியாக ஒரே கருத்தைச் சொன்னார்கள். தாய் மரத்தைச் சுற்றி அந்த இனத்துக்கே உரிய பூச்சியும் நோயும் கூடி நிற்கும். அதனால் அருகில் விழுந்த கன்று சாகும், தூரத்தில் விழுந்தது பிழைக்கும். வெப்பமண்டலக் காட்டில் இத்தனை வகை மரம் கலந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் உயிரிக்கு நடை இருப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் கிடைக்காது. கால் இல்லாத செடிகள் காற்றையும் பறவையின் வயிற்றையும் எறும்பையும் வாடகைக்கு எடுக்கின்றன. எறும்புக்கென்றே விதையின் மேல் கொழுப்புத் துணுக்கு ஒன்றை ஒட்டி வைக்கும் செடிகள் ஏராளம். எறும்பு கூட்டுக்கு இழுத்துப் போய், துணுக்கைத் தின்றுவிட்டு விதையைக் குப்பையில் போடும். குப்பை என்றால் விதைக்கு உரம்தானே.

அறிகுறி: எப்போது பூக்கும் என்று நீங்களே ஒவ்வொரு முறையும் மாற்றி எழுதுகிறீர்கள்

கதைக்குத் தேவைப்படும்போதெல்லாம் பூக்கிறது என்றால் பூப்புக்குக் காரணம் இல்லை என்று பொருள். காரணம் கொடுங்கள். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு தடவை கூட்டமாகப் பூக்கிறது; 2006, 2018 என்று. வட அமெரிக்கச் சிகாடாப் பூச்சிகள் 13 ஆண்டு, 17 ஆண்டு மண்ணுக்குள் இருந்துவிட்டு ஒரே சமயத்தில் வெளியே வரும். இரண்டு குறிப்பிட்ட கூட்டங்கள் 1803-க்குப் பிறகு 2024-ல்தான் ஒரே ஆண்டில் வந்தன. கூட்டமாக வருவதன் தந்திரம் எளிது: தின்பவர்கள் வயிறு நிறைந்து ஓய்ந்த பிறகும் மிச்சம் இருக்கும்.

ஆனால் அந்த மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. மிசோரமில் ஒருவகை மூங்கில் சுமார் 48 ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாகப் பூத்து, காய்த்து, செத்துப்போகும். காயைத் தின்று எலி பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் வரும். 1959 வாக்கில் அப்படி வந்த பஞ்சம், பின்னால் அங்கே அரசியல் கிளர்ச்சி வரைக்கும் போனது. பூப்புக் காலத்தை எழுதும்போது பூவோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு யார் பட்டினி என்று எழுதுங்கள்.

அறிகுறி: சாவே வரமாட்டேன் என்கிறது

மூன்றாவது வேரோடிக்கு இதுதான் நோய். நெற்றைக் குறைத்து, பெருக்கத்தை அடக்கியாகிவிட்டது. ஊன்றியது மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகு காடு முதியோர் இல்லம் போல் ஆகிவிட்டது. புதுக் குட்டிக்கு ஒரு பொத்தல் கிடையாது.

மரங்களுக்கு நீண்ட ஆயுள் இருப்பது உண்மைதான். கலிஃபோர்னியாவில் ஒரு பைன் மரம் 4,800 ஆண்டைத் தாண்டி நிற்கிறது. அமெரிக்காவின் யூட்டாவில் பாண்டோ என்ற ஆஸ்பென் மரக்கூட்டம் ஒரே வேரிலிருந்து எழுந்த ஏறத்தாழ 47,000 தண்டுகளாக 43 ஹெக்டேரில் பரவியிருக்கிறது. ஆனால் இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்க்க வேண்டும். விலங்கு புண்ணை ஆற்றும்: பழைய சதை போய்ப் புதுச் சதை வரும். மரம் ஆற்றுவதில்லை, அடைத்துவிடுகிறது. கெட்டுப்போன பகுதியைச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டு அதன் மேல் வளர்ந்துகொண்டே போகும். நூறு ஆண்டுக்கு முந்தைய வெட்டு உள்ளே அப்படியே இருக்கும். பெரிய அடிமரத்தில் உயிரோடு இருப்பது பட்டையை ஒட்டிய வெளிப்பகுதிதான். நடுவில் உள்ள வைரம் செத்த கட்டை.

சாவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம், உடம்புக்குள்ளேயே வைத்துவிடுங்கள். வேரோடி பிறந்தபோது நான்கு கால் இருந்த இடத்தில் ஓடு பிளந்ததல்லவா? அந்த நான்கு பிளவையும் அது அடைக்கிறது, ஆற்றவில்லை. அறுபது ஆண்டில் பூஞ்சை அந்த வழியே உள்ளே போய் நடுவைக் குடைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் முதல் பெருங்காற்றில் விழுகிறது. விழும்போது மேலே ஒரு பொத்தல் திறக்கிறது. அந்தப் பொத்தலைத்தானே நாற்பது நாள் குட்டி தேடிக்கொண்டிருந்தது! இந்த அம்புக்குறி தானாக வந்து மாட்டிக்கொண்ட இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

வேறு வகைச் சாவு வேண்டுமானால் தாளிப்பனையைப் பாருங்கள். பல பத்தாண்டுகள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே ஒரு பூங்கொத்தில் கொட்டிவிட்டு, காய் முற்றியதும் பட்டுப்போகும்.

அறிகுறி: மூளை எங்கே என்று வாசகர் கேட்கிறார்

இதற்கு நான் அதிகம் மெனக்கெடவில்லை. மூளை இல்லாமலே நிறைய நடக்கிறது. வீனஸ் பூச்சிப்பொறியின் இலை, ஒரு தடவை தொட்டால் சும்மா இருக்கும். இருபது விநாடி போல உள்ள நேரத்துக்குள் மறுபடி தொட்டால் மூடிக்கொள்ளும். அதாவது இரண்டு வரை எண்ணும். பைசாரம் என்ற சளிப்பூஞ்சைக்கு நரம்பே கிடையாது. 2000-ல் ஜப்பானில் நடந்த ஆய்வில், புதிர்ப்பாதையின் இரு முனையிலும் தீனி வைத்தபோது மிகக் குறுகிய வழியில் தன் உடம்பை நீட்டி நின்றது. தொட்டாற்சிணுங்கி தசையில்லாமல், இலைக்காம்பின் அடியிலுள்ள செல்களிலிருந்து நீரை வெளியேற்றியே இலையை மடக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அது தொடு உணர்வு என்பது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கு. அதை வைத்தே எழுதலாம்.

பழுது வருவது நினைவில். நடைக்குட்டியாக இருந்தபோது ஒரு சிறுமி தன்னைக் காப்பாற்றியதை, ஊன்றி முப்பது ஆண்டு கழித்து மரம் நினைவு வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். மூளையைத்தான் கரைத்துவிட்டோமே! அடித்துவிட்டேன், வருத்தத்தோடு. இப்போது சிறுமிக்குத்தான் நினைவிருக்கிறது, ஆனால் எந்த மரம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த ஊரில் நடைக்குட்டிக்கு ஒரு பெயர், மரத்துக்கு வேறு பெயர். இரண்டும் ஒன்று என்பது யாருக்கும் தெரியாது.

அறிகுறி: மழை பொய்த்த ஆண்டில் சுழற்சி நின்றுவிடுகிறது

நான்காவது வடிவத்தில் இன்னும் திறந்து கிடக்கும் பழுது. நெற்று முதல் மழையில் வெடிக்க வேண்டும். மழை வராவிட்டால்? விதையாக இருந்தால் உறங்கலாம். இஸ்ரேலில் உள்ள மசாடா என்ற பழைய கோட்டையில் அகழ்ந்தெடுத்த, 2,000 ஆண்டு பழமையான பேரீச்ச விதை ஒன்று 2005-ல் முளைத்திருக்கிறது. ஆனால் நெற்றுக்குள் இருப்பது நான்கு கால் குட்டி. அது உறங்க வேண்டுமானால் உலர வேண்டும். உலர்ந்தும் சாகாமல் இருக்க வேண்டும். பைசாரம் காய்ந்தால் கெட்டிப் பொருக்காகி, ஈரம் பட்டதும் மறுபடி ஊர்கிறது. அதைக் கடன் வாங்கலாம். அப்படிச் செய்தால் 200 கிராம் மாவுச்சத்தில் எவ்வளவு உறக்கத்துக்குப் போகும், மிச்சம் எத்தனை நாள் நடைக்கு என்று மறுபடி கணக்குப் போட வேண்டும். இரண்டு வறண்ட ஆண்டு தாண்டினால் நாற்பது நாள் இருபத்தைந்தாகிறது, மூன்றாவதில் பத்தாகிறது. பத்து நாளில் எந்தக் குட்டியும் பொத்தலைக் கண்டுபிடிக்காது.

இரண்டு ஆண்டு வறட்சியோடு நிறுத்திக்கொள்வதா, இல்லை மூன்றாம் ஆண்டு வெடிக்கும் குட்டிகளை இரண்டு அத்தியாயம் நடக்கவிட்டுச் சாகடிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு நெற்றை மூடியே வைத்திருக்கிறேன்.